முப்பத்திரண்டாவது கால்

நாள் 211, நேரம் 08:40

செவ்வாய்ச் சுற்றுநிலையம், அன்றாடப் பதிவு. எழுதுபவர் பொன்னம்பலவாணன், மின்னணுப் பொறுப்பாளர். காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. கரியமில வாயு சற்றுக் கூடுதல், எல்லைக்குள்தான். தண்ணீர் இருப்பு நாற்பத்தொரு நாளுக்கு.

பத்தொன்பது நாளாக இங்கே நான் ஒருவன். மற்ற இருவரும் கீழே தரைமுகாமில். தலைவர் தாணுமாலயன், மருத்துவரும் ஓடமோட்டியுமான ஜெபசெல்வி. நாள் 214, முற்பகல் 11 மணிக்கு ஓடத்தில் கிளம்பி 13:40க்கு இங்கே வந்து இணைவார்கள். அதைத் தள்ளிப்போட வழியில்லை. புழுதிப்புயல் முகாமின் சூரியத் தகடுகளை மூடிவிட்டது. அன்று மாலையோடு அங்கே மின்சாரம் தீரும்.

இணைப்பறையில் உள்ள வழிகாட்டிப் பொறி காலைச் சோதனையில் தோற்றது. ஓடம் அதன் சமிக்ஞையைப் பிடித்துத்தான் வாசலுக்கு வர வேண்டும். ஓடத்தின் எரிபொருள் ஒரே ஒரு முயற்சிக்குத்தான். பலகையைத் திறந்து பார்த்தேன். முதன்மைச் சில்லுக்கு முப்பத்திரண்டு கால்கள். வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்கியதில் எல்லாக் கால்களிலும் ஈயம் வெடித்திருக்கிறது. மாற்றுப் பலகை நாள் 140லேயே செலவாகிவிட்டது. முப்பத்திரண்டையும் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அரைநாள் வேலை.

நாள் 211, நேரம் 15:20

ஆறு கால்கள் முடிந்தன. நிறுத்திவிட்டேன்.

நம்மிடம் உள்ள ஈயக்கம்பிக்குள் ஃபிளக்ஸாக இருப்பது பைன் பிசின். பற்றவைக்கும் சூட்டுக்கோலான ராடு பட்டதும் பிசின் உருகிச் செம்பின் மேலுள்ள துருவைத் தின்னும். அப்போதுதான் ஈயம் ஒட்டும். மிச்சம் புகையாகப் போகும். பூமியில் அந்தப் புகை மேலே எழும்பும், குனிந்திருப்பவன் முகத்துக்கு நேராக. இங்கே எடை இல்லை, மேல் கீழ் இல்லை. ராடின் நுனியைச் சுற்றி ஒரு வெள்ளை உருண்டையாக நிற்கிறது. நாம் மூச்சை இழுத்தால் நம்மிடம் வருகிறது.

புகையுறிஞ்சிப் பெட்டி ஓடுகிறது, ஆனால் எதையும் உறிஞ்சவில்லை. அதற்குள் புகையைப் பிடிக்கும் கரி செத்துவிட்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று தெரியவில்லை.

வேலையை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து நெஞ்சு இறுகத் தொடங்கியது. மூச்சு வெளியேறும் வேகத்தைக் காட்டும் மூச்சளவியில் ஊதினேன். வழக்கமாக 520 வரும். 410.

நாள் 211, நேரம் 17:05

முகாம் எங்களுக்கு நேர் கீழே வரும்போது பதினாறு நிமிடம் பேசலாம். பிறகு இரண்டு மணி நேரம் இல்லை. ஜெபசெல்வியிடம் அளவைச் சொன்னேன். சளி உண்டா, காய்ச்சல் உண்டா, விரலிடுக்கில் அரிப்பு உண்டா என்று கேட்டாள். அரிப்பு உண்டு, சில மாதமாக. கம்பிக்கும் எனக்கும் எத்தனை வருடப் பழக்கம் என்றாள். இருபத்தெட்டு.

"அண்ணாச்சி, இது ஒவ்வாமை. ஒருக்கா நெஞ்சு அதைப் பகையா எடுத்துட்டுன்னா பிறவு துளி புகை போதும். இதுக்கு மருந்து தள்ளி நிக்கிறது ஒண்ணுதான். இனி அந்த ராடத் தொடாதிய."

தொடாவிட்டால் நீங்கள் இருவரும் எப்படி வந்து சேர்வீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நாள் 212, நேரம் 09:30

முகத்தில் நான்கு மடிப்புத் துணி கட்டிக்கொண்டு ஐந்து கால்கள். மொத்தம் பதினொன்று. துணி பயனில்லை. புகையின் துகள் அதைவிட மிகச் சிறிது.

மூச்சளவி 340. இன்ஹேலரில் 38 இழுப்பு இருந்தது. இப்போது 31. நிலையத்தில் இருப்பது அந்த ஒன்றுதான்.

விண்ணுடையை மாட்டிக்கொண்டு செய்யலாமா என்று பூமியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். கேள்வி வந்து சேரவே பதினெட்டு நிமிடம். கையுறையோடு அரை மில்லிமீட்டர்க் காலைப் பற்றவைக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் உடைக்குள் இருக்கும் தூய ஆக்சிஜன் மணிக்கட்டு வழியே பாய்ந்து 350 டிகிரி ராடின் மேல் விழும். நானும் அறையும் சேர்ந்து எரிவோம். இதைக் கேட்டவர் ஒரு முனைவர்.

நாள் 212, நேரம் 11:15

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும். பயணத்துக்கு முன்பே நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மூடிய காற்றில் பைன் பிசின் கூடாது, பிசினில்லாத கம்பி எடுங்கள், உறிஞ்சிப் பெட்டிக்கு இரு மடங்கு கரி எடுங்கள் என்று. தாணுமாலயன் அதை உணவுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினான்.

"என்னவே வாணன், பத்து மீட்டர் கம்பிக்கு ஒம்பது பக்கமா? எங்க அப்பா ரேடியோ கடையில நாப்பது வருசம் இந்தப் புகையத் தின்னவரு. எம்பத்தாறு வயசு. இன்னைக்கும் சைக்கிள் மிதிக்காரு."

சிரித்தார்கள். குறிப்பு ஓரத்தில் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டான். அதற்கு முன் ஒருமுறை, ஈயப் பற்றுகள் எந்தக் குளிரில் வெடிக்கும் என்று நான் இரண்டு வருடம் சோதித்து எடுத்த முடிவுகளைத் தன் பெயரில் மட்டும் மாநாட்டில் வாசித்தவன் அவன். எனக்கென்று பேசி வைத்திருந்த தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவனும் அவன்தான். எதையும் நான் மறக்கவில்லை. மறப்பது பெருந்தன்மை என்பவர்கள் பறிகொடுக்காதவர்கள்.

நாள் 212, நேரம் 13:10

தாணுமாலயன் அழைத்தான். சுற்றி வளைக்கவில்லை. முடியுமா முடியாதா, இப்போதே சொன்னால் முகாமில் இருப்பதை வைத்து வேறு ஏதாவது யோசிக்கலாம் என்றான். முகாமில் யோசிக்க எதுவும் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

நான் பதில் சொல்லவில்லை. ஒலிவாங்கி கையில்தான் இருந்தது. "சொல்லும்வே" என்று இரண்டு முறை கேட்டான். பதினாறு நிமிடம் ஓடித் தொடர்பு அறுந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு இனித்தது. பதிவில் பொய் எழுதக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நாள் 212, நேரம் 15:25

அடுத்த முறை முகாம் கீழே வந்தபோது குரல் வரவில்லை. ஜெபசெல்வியிடமிருந்து எழுத்துச் செய்தி, எனக்கு மட்டும். அப்படியே பதிகிறேன்.

"அண்ணாச்சி, நீங்க பேசாம இருந்ததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். அது ஒங்க ரெண்டு பேருக்குள்ள. எனக்கு ஒரு விசயம் சொல்லணும். ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கும் நெஞ்சடைச்சிது. சொன்னா எறங்குற பட்டியல்ல இருந்து பேரை அடிச்சிருவாவன்னு மறச்சிட்டேன். முகாமுக்கு வந்து ஒரே ஒரு ஒயர் பத்தவெச்சேன். உதடு நீலமாயிட்டு. கைவசம் இருந்த ஊசியப் போட்டுத் தப்பிச்சேன். இப்பம் ஊசி இல்ல. தாணு அண்ணாச்சிக்கு இது தெரியாது. நீங்க பலகைய முடிச்சாலும் அந்த அறைக் காத்துக்குள்ளதான் நான் கதவத் தொறந்து வரணும்."

நாள் 212, நேரம் 16:40

ஆயுத பூஜை நாள் 96. அதை நான் எந்தப் பதிவிலும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கருவிகளை வரிசையாகக் கட்டிக் குங்குமம் இட்டோம். ஜெபசெல்வியும் கூட நின்றாள். கிறிஸ்தவக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று அவளே கேட்டுச் சிரித்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பையும் வரிசையில் வைத்தாள். தீ மூட்டத் தடை. கற்பூரம் இல்லை, சாம்பிராணி இல்லை. பொகையில்லாம என்னவே பூசை என்று தாணுமாலயன் வருத்தப்பட்டான்.

பிசின் கட்டியை எடுத்து வந்தவன் நான். ராடைச் சூடாக்கிக் கட்டியில் அழுத்தியவன் நான். கிட்டத்தட்ட சாம்பிராணி வாசம். காற்றாடி புகையை உடனே இழுத்துக்கொண்டு போனது. பூமிக்கு அனுப்பும் படத்தில் புகை தெரிய வேண்டும் என்று காற்றாடியை நிறுத்தியவனும் நான். பதினொரு நிமிடம். மூவரும் அதற்குள் நின்று கும்பிட்டோம். தாணுமாலயன் என் தோளைத் தட்டி, நீரு ஒருத்தர்தான் இங்க மனுசன் என்றான். அந்த ஒரு தட்டலுக்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

மிச்சப் புகையைப் புகையுறிஞ்சிப் பெட்டிக்கு ஊட்டினோம். கரி செத்தது அன்றைக்கு.

ஒன்பது பக்கம் எழுதிய கைதான் அது.

நாள் 212, நேரம் 17:20

தொடர்பு கிடைத்ததும் தாணுமாலயனிடம் சொன்னேன்: முடியும். குறித்த நேரத்துக்குக் கிளம்பு.

நாள் 213, நேரம் 16:30

குடிநீர் வடிகட்டியைப் பிரித்துக் கரியை எடுத்து உலர்த்திப் புகையுறிஞ்சியில் போட்டேன். தண்ணீர் இனிமேல் நாறும். பரவாயில்லை. பாதிப் புகையை இழுக்கிறது.

வேலை முறை: மூச்சை அடக்கிக்கொண்டு பலகைக்கு வருவது. ஒரு கால். ராடை விலக்கி, சுவரை உதைத்து அறையின் மறுகோடிக்குப் போவது. அங்கே மூச்சு. புகை போகும் வரை காத்திருப்பது. திரும்பவும். காலுக்கு ஆறு நிமிடம். முதலில் நாற்பது விநாடி அடக்க முடிந்தது. இப்போது பதினைந்து. கண் எரிந்து நீர் வருகிறது. இங்கே கண்ணீர் வழியாது, கண்ணின் மேலேயே தடித்து நிற்கும். துடைத்தால்தான் கால் தெரியும்.

பதின்மூன்று முடிந்தன. மொத்தம் இருபத்து நான்கு. மூச்சளவி 230. இன்ஹேலரில் 17.

பெரிய அறையின் கதவை இறுக மூடியே வைத்திருக்கிறேன். அங்கே காற்று சுத்தம். அழுக்கெல்லாம் இணைப்பறையில்தான். ஆனால் ஜெபசெல்வி வரும் வாசல் அதுதான். ஓடத்தின் எடையைக் குறைக்க விண்ணுடைகளைத் தரையிலேயே விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அவள் வெறும் முகத்தோடு வருவாள்.

ஒரு வழி இருக்கிறது. இணைப்பறையின் காற்று முழுவதையும் வெளியே திறந்துவிடுவது. புகையும் பிசின் ஆவியும் போய்விடும். பிறகு குப்பியிலிருந்து புதுக் காற்றை நிரப்பலாம். குப்பி ஒன்றே ஒன்று, ஒரு தடவைக்குத்தான். திறப்புச் சக்கரம், குப்பியின் நெம்புகோல் இரண்டும் இணைப்பறைக்கு உள்ளே. ஆகவே நான் உடை அணிந்து உள்ளே இருக்க வேண்டும்.

நாள் 214, நேரம் 10:20

முப்பத்திரண்டும் முடிந்தன. கடைசிக் கால் மூலையில். ராடை மூன்று விநாடி வைக்க வேண்டும், ஒன்றரைதான் வைத்தேன். அதற்கு மேல் மூச்சை அடக்க முடியவில்லை. ஈயம் பளபளக்காமல் மங்கலாக உறைந்தது. சரியான பற்று இல்லை. ஆனால் சோதனையில் தேறிவிட்டது. வழிகாட்டி ஒலிக்கிறது.

முகாமுக்குச் சொன்னேன். "கெட்டிக்காரன்வே" என்றான் தாணுமாலயன். மூச்சளவி 160. ஊதுவதற்கே பயமாக இருக்கிறது.

நாள் 214, நேரம் 11:10

ஓடம் கிளம்பிவிட்டது. இனி அவர்களுக்குத் திரும்பிப் போகத் தரை கிடையாது.

உடை அணிய முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு கைக்கும் நிறுத்தி நிறுத்தி. இன்ஹேலரில் ஆறு இருந்தது. இரண்டை இழுத்துவிட்டு நான்கை அவளுக்கு விட்டு, உடையின் வெளிப்பையில் போட்டிருக்கிறேன். தலைக்கவசம் பூட்டிய பிறகு அதை என்னால் பயன்படுத்த முடியாது.

இதற்கு மேல் குரல் பதிவு. பேசுவதைப் பொறி எழுதிக்கொள்ளும்.

நாள் 214, நேரம் 11:38

காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அழுத்தம் பூஜ்யம்.

வழிகாட்டி நின்றுவிட்டது.

மூலைக் கால். காற்றுப் போனதும் பலகை சட்டென்று குளிர்ந்தது, மங்கல் ஈயம் வெடித்துவிட்டது. எந்தக் குளிரில் வெடிக்கும் என்று எழுதியவன் நான்தான்.

நாள் 214, நேரம் 12:05

ஒரே ஒரு கால் என்பதால் கையுறையோடு முயன்றேன். வெற்றிடத்தில் புகை என்னை ஒன்றும் செய்யாது. ராடை வைத்தேன். பிசின் ஒரு நொடியில் கொதித்துத் தெறித்துப் போய்விட்டது. பிசின் இல்லாமல் ஈயம் செம்பில் ஒட்டவில்லை. முத்துப்போல உருண்டு நழுவியது. நான்கு தடவை. கம்பி தீர்ந்தது.

நாள் 214, நேரம் 12:16

ஒரு துண்டுச் செம்புக்கம்பியைக் காலுக்கும் பலகைக்கும் குறுக்கே வைத்துப் பிளாஸ்டிக் இடுக்கியால் அழுத்தினேன். வழிகாட்டி உயிர் பெற்றது. விட்டால் சாகிறது. ஒட்டு நாடா இந்தக் குளிரில் ஒட்டவில்லை. கவ்வி பக்கத்துக் காலையும் சேர்த்துக் கவ்வுகிறது.

ஆகவே கையால்தான். 13:40 வரை. எண்பத்து நான்கு நிமிடம்.

ஓடத்தில் இருவருக்கும் நிலைமையைச் சொல்லிவிட்டேன்.

நாள் 214, நேரம் 12:50

தெரிந்ததுதான். காலையில் உள்ளே போன புகை இரண்டு மணி நேரம் கழித்துக் கணக்குக் கேட்கிறது. உடைக்குள் காற்று சுத்தம். நெஞ்சு வாங்க மறுக்கிறது. ஜெபசெல்வி மெதுவாக விடச் சொல்கிறாள். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், விடுவதைப் பாருங்கள், உதட்டைக் குவித்து விடுங்கள் என்கிறாள். விடுகிறேன். விசில் சத்தம் கேட்கிறது. என்னுடையது.

நெம்புகோல் இரண்டு மீட்டர் தள்ளி. இழுத்தால் அறை நிரம்பும். கவசத்தைக் கழற்றலாம். பையில் நான்கு இழுப்பு. கையை எடுத்தால் ஓடம் குருடாகும்.

நாள் 214, நேரம் 13:18

தாணுமாலயன் தூரம் சொல்லிக்கொண்டே வருகிறான். மூவாயிரம் மீட்டர். நடுவில் நிறுத்தினான்.

"வாணன். அந்த ஒம்பது பக்கத்த நான் படிக்கவே இல்லவே. மொத வரியப் படிச்சிட்டு மூடிட்டேன். ஒம்ம எழுத்துன்னாலே எனக்கு ஒரு எரிச்சல். நீரு என்னைவிடக் கெட்டிக்காரன்னு எல்லாரும் சொல்லுவானுவ, அதான்."

கேட்டேன். மன்னிக்கவில்லை. பதிவுப் பொறி எழுதிக்கொள்ளட்டும். கையையும் எடுக்கவில்லை.

பூஜைப் புகை என்னுடையது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். ஜெபசெல்விக்கும் ஒவ்வாமை என்பதையும். இரண்டு சொல்லாக, மூன்று சொல்லாக. அவன் தூரத்தைச் சொன்னான். ஆயிரத்து இருநூறு.

நாள் 214, நேரம் 13:33

நானூறு. விரல் மரத்துவிட்டது. இடுக்கி இருக்கிறதா. கண்ணால் பார்த்துத்தான் தெரிகிறது. பச்சை விளக்கு. இருக்கிறது.

ஓரம் கறுக்கிறது. பார்வையின் ஓரம்.

நூற்றைம்பது. கைய எடுத்துராதீரும் என்கிறான். எடுத்துராதீரும், எடுத்துராதீரும்.

நாள் 214, நேரம் 13:41

இணைந்தது. சுவர் அதிர்ந்தது.

கையை எடுத்துவிட்டேன். நெம்புகோல். இழுத்தேன். காற்று ஏறுகிறது. நிரம்பப் பன்னிரண்டு நிமிடம். அதற்கு முன் அவர்கள் கதவு திறக்காது.

நாள் 214, நேரம் 13:46

ஜெபசெல்வி வரக்கூடாது. இந்த அறை சுத்தம். நான் சுத்தமில்லை. மூன்று நாள் புகை என் முடியில், சட்டையில், தோலில். கவசத்தைக் கழற்றினால் முதலில் வெளியே வருவது அது. அவள் குனிந்தால் அவளும் போவாள்.

சொன்னேன். அழுகிறாள். ஓடத்தின் கதவுக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டாள்.

தாணு மட்டும் வா. கவசத்தைக் கழற்று. இன்ஹேலர் வெளிப்பையில். நான்கு இருக்கிறது. அவளுக்கு வைத்தது. அவள் வேண்டாம் என்கிறாள். ஒன்றாவது மிச்சம் வை.

நாள் 214, நேரம் 13:50

பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. வெளிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. கதவைத் தட்டுகிறான். தட்டாதே. தானாகத் திறக்கும்.

அவன் குனிய வேண்டும். என் வாயருகே காதை வைத்து, மூச்சு இருக்கிறதா என்று அவன் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் சொன்னதைக் கேட்காதவன்.

இன்னும் மூன்று நிமி

நாள் 214, நேரம் 13:52

பதிவுப் பொறி: குரல் இல்லை. விசிலொலி, விட்டு விட்டு. இடைவெளி ஒன்பது விநாடி.

நாள் 214, நேரம் 13:53

பதிவுப் பொறி: கதவு திறந்தது. புதுக் குரல், அடையாளம் தாணுமாலயன். சொன்னது: "செல்வி, கழத்திட்டேன். எந்தப் பக்கம் காத வைக்கணும்?"

விசிலொலி: பதிவாகவில்லை.